அஜைல் முறையை வடிவமைக்கும்போது முதலில் எதைத் தொடுவது?

அஜைலுக்கு, அதாவது மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து பயனரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டே போகும் வேலைமுறைக்கு, மாறப்போகிற டீம்களோடு உட்காரும்போது முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்க்ரமா, கான்பனா?" ஸ்க்ரம் என்றால் ஸ்பிரின்ட் எனப்படும் குறிப்பிட்ட கால அளவுக்குத் திட்டம் போட்டு வேலை செய்வது; கான்பன் என்றால் வேலைகளைத் தொடர்ந்து ஓடவிட்டு, ஒரே நேரத்தில் நடப்பதற்கு எல்லை வைப்பது. அப்புறம் ஸ்பிரின்ட் இரண்டு வாரமா மூன்று வாரமா, எந்த டூல் வாங்கலாம் என்று பேச்சு போகும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் முதல் நாளில் அவற்றுக்குப் பதில் சொல்லத் தேவையான தகவல் அந்த அறையில் யாரிடமும் இருப்பதில்லை. வேலை இப்போது எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் புது வழி போட முடியாது.

நான் டெஸ்டராகத் தொழிலுக்கு வந்து, பல வருடம் அந்த நாற்காலியில் இருந்த பிறகுதான் டீம்களுக்கு வேலைமுறை அமைத்துக் கொடுக்கும் பக்கம் வந்தேன். டெஸ்டர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். எல்லாரும் மும்முரமாக இருப்பார்கள், வேலை மட்டும் நகராமல் கிடக்கும். இரண்டு வாரம் ஒன்றும் வராது. கடைசி நாள் மதியம் எட்டு டிக்கெட் (வேலைச் சீட்டு) சேர்ந்து வந்து விழும். அதனால் எந்த டீமாக இருந்தாலும் நான் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறேன்: ஏற்கெனவே முடிந்துபோன ஒரு வேலையை எடுத்து, அது வந்த பாதையைப் பின்னாலிருந்து பார்ப்பது.

முடிந்த வேலையை எடுத்துப் பாருங்கள்

கடந்த இரண்டு மூன்று மாதத்தில் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்த வேலைகளில் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் பெருமையாகச் சொல்லும் பெரிய பிராஜெக்ட் வேண்டாம். தலைபோகிற அவசரத்தில் போட்ட ஹாட்ஃபிக்ஸும் வேண்டாம். சாதாரணமான, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வேலைகளில்தான் டீமின் உண்மையான ஓட்டம் தெரியும்.

அந்த வேலையைத் தொட்ட எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். தேவையைச் சொன்னவர், டெவலப்பர், கோட் ரிவ்யூ செய்தவர் (எழுதிய கோடைப் படித்துச் சரிபார்த்தவர்), டெஸ்டர், ரிலீஸ் போட்டவர் (பயனருக்கு வெளியிட்டவர்), எல்லாரும். ரிலீஸ் போடுபவர் வேறு டீம் என்றால் அவரையும் கூப்பிடுங்கள். "அவர் எதுக்கு?" என்று யாரையாவது பற்றிப் பேச்சு வந்தால், அவர் கட்டாயம் வர வேண்டும் என்று அர்த்தம். ஒன்றரை மணி நேரம் போதும். சுவரில் நீளமாகத் தாள் ஒட்டுங்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்தால் எல்லாரும் எழுதக்கூடிய ஆன்லைன் ஒயிட்போர்டு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

தாளின் வலது ஓரத்தில் தொடங்குங்கள். பயனர் அதை முதன்முதலாகப் பயன்படுத்திய தேதி அங்கே வரட்டும். பிறகு இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே கேளுங்கள்: இதற்கு முன் இது யாரிடம் இருந்தது? அவரிடம் எப்போது வந்தது? அவர் எப்போது எடுத்தார்? வந்த தேதியையும் எடுத்த தேதியையும் தனித்தனியாக எழுத வேண்டும். இந்தப் பயிற்சியின் உயிரே அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். டிக்கெட் ஹிஸ்டரி, கிட் கமிட் (கோட் மாற்றப் பதிவு), மின்னஞ்சல், ரிலீஸ் குறிப்பு என்று தேடி எடுங்கள். வேலை செய்த நாட்கள் மனதில் நிற்கும், காத்திருந்த நாட்கள் நிற்காது.

"ஏன் இவ்வளவு நாள் ஆச்சு?" என்று அந்த அறையில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட உடனே ஒருவர் தற்காத்துக்கொள்ள ஆரம்பிப்பார், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அன்று தேதிகளும் பெயர்களும் மட்டும் போதும். மேனேஜர் வரலாமா என்று கேட்பார்கள். வரலாம், அவரும் தன் தேதிகளைச் சொல்வதாக இருந்தால்.

எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாத அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று மார்ச் 3 அன்று ஒருவர் கேட்கிறார். மார்ச் 17 அன்று அதைப் பற்றிப் பேசி, சரி செய்யலாம் என்று முடிவாகிறது. 24 அன்று டெவலப்பர் எடுக்கிறார், 26 அன்று கோட் முடிகிறது. ஏப்ரல் 2 அன்று ரிவ்யூ நடக்கிறது, அதில் சொன்ன திருத்தம் 3 அன்று முடிகிறது. டெஸ்டர் ஏப்ரல் 9 அன்று எடுத்து 10 அன்று சரி என்கிறார். ஏப்ரல் 28 அன்று மாதாந்திர ரிலீஸ். 29 அன்று பயனர் அதைத் திறக்கிறார்.

மொத்தம் 57 நாள். இதில் காத்திருப்பை மட்டும் கூட்டுங்கள்: முடிவுக்காக 14, டெவலப்பருக்காக 7, ரிவ்யூவுக்காக 7, டெஸ்டுக்காக 6, ரிலீஸுக்காக 18. ஆக 52 நாள் அந்த வேலையை யாரும் தொடவே இல்லை. டெவலப்பர் இருமடங்கு வேகத்தில் எழுதியிருந்தால் 57 நாள் 56 ஆகியிருக்கும். அவ்வளவுதான். இந்தக் கணக்கைச் சொந்த டிக்கெட்டில், சொந்தக் கையால் போட்டுப் பார்த்த டீமிடம் "இன்னும் வேகமாக எழுதுங்கள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்கைந்து வேலைகளுக்கும் இப்படியே வரைந்துவிட்டால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வேலை நிற்பது கண்ணில் படும். நீங்கள் வடிவமைக்கப்போகிற முறை அந்த இடத்துக்கான மருந்தாக இருக்க வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுக்கிற முறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மிக நீளமான காத்திருப்பு ரிலீஸில் இருக்கிறது. இந்த டீம் நாளைக்கே இரண்டு வார ஸ்பிரின்ட் ஆரம்பித்தால் என்ன நடக்கும்? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலை முடியும், முடிந்தது மாதக் கடைசி வரை கிடக்கும். பயனருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இங்கே தொடங்க வேண்டிய இடம், மாதத்துக்கு ஒரு முறைதான் ரிலீஸ் என்று ஏன் ஆனது என்பது. பழைய வசதிகள் உடையவில்லையா என்று கையால் சோதிக்க மூன்று நாள் ஆகிறதா? ரிலீஸ் போடத் தெரிந்தவர் ஒரே ஆளா? ஒப்புதல் கையெழுத்து போடுபவர் மாதம் ஒரு முறைதான் உட்காருகிறாரா? முதல் இரண்டுக்கும் வழி தானியங்கி டெஸ்டுகளும் எழுதி வைத்த ரிலீஸ் ஸ்கிரிப்டும். மூன்றாவதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். இந்த டீமுக்கு நான் முதல் மாதம் ஸ்டாண்டப் என்ற தினக் கூட்டத்தைப் பற்றிக்கூடப் பேச மாட்டேன்.

முடிவுக்காக நிற்கிறது என்றால் கதை வேறு. டெவலப்பருக்கு ஒரு சந்தேகம், பதில் சொல்ல வேண்டியவர் நான்கு நாள் கழித்துச் சொல்கிறார், அவரும் இன்னொருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார். ஸ்க்ரமில் பிராடக்ட் ஓனர் என்று ஒருவரை, குழுவை அல்ல, ஒரே ஒருவரை வைத்திருப்பது இதற்காகத்தான். பெயருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு முடிவு மேலேதான் என்றால் பயனில்லை. "இதை இந்த முறை விட்டுவிடலாம்" என்று மேலே கேட்காமல் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா? அதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைத்து, தினமும் அரை மணி நேரம் டீமுக்கென்று ஒதுக்கினால், ஸ்பிரின்ட் முறை நன்றாகப் பிடிக்கும்.

டெஸ்டில் நிற்கிறது என்றால், டெஸ்டர் மெதுவாக வேலை செய்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் உண்மை அதுவாக இருக்காது. வேலைகள் பெரிது பெரிதாக இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வரும். இங்கே முதல் மருந்து வேலையைச் சிறிதாக வெட்டுவது. எக்செல் வசதியையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரே அறிக்கைக்கு, எல்லா வரிகளும், வடிகட்டி எதுவும் இல்லாமல். அதைப் பயனரிடம் கொடுத்துவிடலாம். அடுத்து தேதி வடிகட்டி. அதற்கடுத்து மற்ற அறிக்கைகள். ஒவ்வொன்றும் பயனர் தொட்டுப் பார்க்கக்கூடிய துண்டாக இருக்க வேண்டும். "டேட்டாபேஸ் வேலை, அப்புறம் ஸ்கிரீன் வேலை" என்று வெட்டினால் கடைசித் துண்டு வரும் வரை டெஸ்டருக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு வகை உண்டு, பலரும் கவனிக்காமல் விடுவது. வேலை நின்ற இடத்தில் கேட்டால், "நடுவில் வேற ஒன்னு வந்துடுச்சு" என்பார்கள். புரொடக்‌ஷன் பிரச்சினை, வாடிக்கையாளர் போன், மேலிடத்து அவசரம். இரண்டு வாரம் இவற்றை மட்டும் எண்ணுங்கள். சுவரில் ஒரு தாள், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் யார் கேட்டது என்று ஒரு சொல். டீமின் நேரத்தில் பாதி இதற்குப் போகிறது என்றால், இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட்டு அதற்கு வாக்குக் கொடுக்கச் சொல்வது அவர்களைத் தோற்கடிக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட டீமுக்குக் கான்பன் போன்ற ஓட்ட முறைதான் பொருந்தும். கான்பனை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன் வகுத்த தொடக்கக் கொள்கையே, இப்போது என்ன செய்கிறீர்களோ அங்கிருந்தே ஆரம்பியுங்கள் என்பதுதான். பதவிப் பெயர்களைக்கூட முதல் நாளில் மாற்ற வேண்டியதில்லை.

ஸ்க்ரமா கான்பனா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம், கையில் ஆதாரம் இருக்கிறது.

முதலில் வைக்க வேண்டிய கூட்டம்

அஜைலின் அடிப்படை ஆவணமான அஜைல் அறிக்கை 2001 பிப்ரவரியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில், 17 பேர் கூடி எழுதினார்கள். ஸ்க்ரமின் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையின் கென்ட் பெக் எல்லாரும் அதில் இருந்தார்கள். தனித்தனி முறை வைத்திருந்தவர்கள் தங்களுக்குப் பொதுவானதை மட்டும் எழுதியதால், அதில் ஸ்பிரின்ட் கிடையாது, ஸ்டாண்டப் கிடையாது, ஸ்டோரி பாயின்ட்டும் (வேலையின் அளவை மதிப்பிடும் புள்ளி) கிடையாது. நான்கு மதிப்புகள், பன்னிரண்டு கொள்கைகள். அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது கொள்கையை டீமோடு சேர்ந்து படியுங்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் டீம் தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்த்து, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. புது முறையில் ஒரே ஒரு கூட்டம்தான் வைக்கலாம் என்று யாராவது எனக்குக் கட்டுப்பாடு போட்டால், இப்படித் திரும்பிப் பார்ப்பதற்கான கூட்டமான ரெட்ரோவைத்தான் வைப்பேன். ரெட்ரோ இருந்தால் மற்றவற்றை டீமே கண்டுபிடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால், முதல் நாள் நீங்கள் போட்டுக்கொடுத்த முறை, பொருந்தாத இடங்களோடு சேர்ந்து அப்படியே உறைந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு பெயர் பொறுப்பாக இருக்கட்டும், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்போம் என்றும் எழுதுங்கள். ஏழு மாற்றம் எழுதிய ரெட்ரோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழில் ஒன்றும் நடக்காது, மூன்றாவது ரெட்ரோவுக்கு ஆட்கள் வருவதும் குறைந்துவிடும். ஒன்று எழுதி ஒன்று நடந்தால், அடுத்த முறை ஆட்கள் சொல்வதற்கு விஷயத்தோடு வருவார்கள்.

போர்டும் எல்லையும்

சுவரில் வரைந்த அந்தப் பாதைதான் உங்கள் போர்டு, அதாவது ஒவ்வொரு வேலையும் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் பலகை. "செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது" என்ற மூன்று பத்தி (நெடுவரிசை) போர்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுப் பத்தியில் எல்லாம் ஒளிந்துகொள்ளும். ரிவ்யூவுக்குக் காத்திருப்பது, ரிவ்யூவில் இருப்பது, டெஸ்டுக்குக் காத்திருப்பது, டெஸ்டில் இருப்பது என்று காத்திருப்புக்கும் தனிப் பத்தி கொடுங்கள். டெஸ்டுக்குக் காத்திருக்கும் பத்தியில் ஒன்பது சீட்டு ஒட்டியிருந்தால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை. இதற்குப் பின்னால் உறுதியான கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி, வரிசைகளைப் பற்றிய ஆய்வில் அடிப்படையானது. அதை நம் வேலைக்கு இப்படிச் சொல்லலாம்: ஒரு வேலை முடிய சராசரியாக ஆகும் காலம் வேண்டுமென்றால், கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 24 வேலை திறந்து கிடக்கிறது, வாரத்துக்கு 6 முடிகிறது என்றால், சராசரி நான்கு வாரம். அதே வேகத்தில் 12 மட்டும் திறந்து வைத்தால் இரண்டு வாரம். ஓரளவு சீராக ஓடும் டீமில் இது எடுபடும். யாரும் கூடுதல் நேரம் உட்கார வேண்டியதில்லை, புதிதாக ஆரம்பிப்பதைக் குறைத்தால் போதும்.

எல்லையை எவ்வளவு வைப்பது? இப்போது திறந்து கிடக்கும் வேலைகளை எண்ணி, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். எடுத்த எடுப்பில் பாதியாக்கினால் டீம் திணறும். எல்லை நிரம்பிவிட்டால், கை காலியாக இருக்கிற டெவலப்பர் புது வேலை எடுக்கக் கூடாது. ரிவ்யூ செய்யலாம், டெஸ்டருக்கு உதவலாம். இதுதான் நடைமுறையில் மிகக் கஷ்டமான இடம். "நான் சும்மா இருக்கிறேனே" என்ற உறுத்தல் நல்ல ஆட்களுக்குத்தான் அதிகம் வரும். அவர்களிடம் மேனேஜரே நேரில் சொல்ல வேண்டும்: உன் நேரம் நிரம்பியிருப்பதைவிட, இந்த வேலை வெளியே போவது முக்கியம் என்று.

வேலை முடிந்ததாக எப்போது வலது ஓரப் பத்திக்கு நகர்த்தலாம் என்ற நிபந்தனைகளையும் போர்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். இதை டீமே எழுத வேண்டும், அதுவும் இன்று நிஜமாகச் செய்யக்கூடியதை மட்டும். கோட் மெர்ஜ் ஆகிவிட்டது (டீமின் பொதுக் கோடோடு சேர்ந்துவிட்டது), வேறொருவர் பார்த்துவிட்டார், டெஸ்ட் சூழலில் ஓடுகிறது, கேட்டவர் பார்த்துத் தலையாட்டிவிட்டார். இந்த நான்கும் நிறைவேறாத வேலையை முடிந்தது என்று கணக்குக் காட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். "டெஸ்டிங் மட்டும் பாக்கி" என்ற ஒரு வரியால் எத்தனை பேரின் இரவுத் தூக்கம் போயிருக்கிறது என்பது டெஸ்டர்களுக்குத் தெரியும்.

தினக் கூட்டம்

இது சுருக்கமாகவே போதும். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஆள் "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை இருக்கிறது" என்று ஒப்பிப்பதும் வேண்டாம். ஸ்க்ரம் கையேடே 2020 பதிப்பில் அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது. போர்டின் வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து, "இது வெளியே போக இன்று என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். முடியும் நிலையில் இருப்பவை முதலில் பேசப்படும். இடப்பக்கம் போய்ச் சேரும் முன் நேரம் முடிந்தால் பரவாயில்லை.

மேலே இருப்பவரிடம் பேச வேண்டியது

முதல் வாரத்திலேயே, டீமை நடத்தும் மேனேஜரிடம் இரண்டு விஷயத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒன்று, அவசர வேலை வந்தால் அது போர்டு வழியாகத்தான் வரும், டெவலப்பரின் காதில் நேராக வராது. அவசரத்துக்கென்று போர்டில் ஒரு தனி வரிசை, அதில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாவது அவசரம் வந்தால், எது முதலில் என்று கேட்டவர்களே பேசி முடிவுசெய்து வரட்டும்.

இன்னொன்று, ஸ்டோரி பாயின்ட்டை வைத்து ஆட்களையோ டீம்களையோ ஒப்பிடக் கூடாது. ஒப்பிட ஆரம்பித்த மறுவாரமே மூன்று பாயின்ட் வேலைக்கு ஐந்து என்று பெயர் வரும், எண்ணிக்கை ஏறும், வேலை அதேதான். "எப்போது முடியும்?" என்று அவர் கேட்பது நியாயம். அதற்கு வேறு பதில் கொடுங்கள். கடந்த மாதங்களில் முடிந்த வேலைகள் ஒவ்வொன்றும் எத்தனை நாள் எடுத்தன என்று வரிசைப்படுத்தினால், "இருபதில் பதினேழு வேலைகள் 15 நாளுக்குள் முடிந்திருக்கின்றன" என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைக்கும். இதை வைத்து அவர் தன் மேலதிகாரியிடம் தைரியமாகப் பேசலாம்.

டூல் எப்போது?

முதல் ஒன்றிரண்டு மாதம் போர்டின் பத்திகள் அடிக்கடி மாறும். ஒரு ரெட்ரோவில் ஒரு பத்தி சேரும், அடுத்ததில் ஒன்று போகும். காகிதத்திலோ சாதாரண ஒயிட்போர்டிலோ இருந்தால் மாற்ற ஒரு நிமிடம். வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா போன்ற டூலில், மாற்றும் அனுமதி வேறு துறையிடம் இருந்தால், ஒரு பத்தி சேர்க்க டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். பத்திகள் நான்கைந்து வாரம் மாறாமல் நின்ற பிறகு டூலுக்குப் போங்கள். ஏற்கெனவே டூல் கட்டாயம் என்ற இடமாக இருந்தால் அதிலேயே இருங்கள், ஆனால் முதல் நாளே டீமில் ஒருவருக்கு அந்த போர்டின் அட்மின் அனுமதி வாங்கிவிடுங்கள். கட்டாயமாக நிரப்ப வேண்டிய புலங்களைத் தலைப்பு, கேட்டவர் பெயர், வந்த தேதி என்று மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது வேண்டும் என்று யாராவது கேட்டால், அதை யார் படித்து என்ன முடிவெடுக்கப்போகிறார் என்று கேட்டு, பதில் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.